நடுக்கம் காணப்படவில்லை

என் கைபேசியில் ஒரு தனிச் சத்தம் இருக்கிறது. உலகத்தில் எங்கேயாவது ஒருவர் தன் ஆராய்ச்சிக் கட்டுரையில் என் கட்டுரையை மேற்கோள் காட்டினால் எனக்கு ஒரு மின்னஞ்சல் வரும். அதற்கு மட்டும் 'டிங்' என்று ஒலிக்கும்படி என் மகள் வைத்துக் கொடுத்தாள். ஓய்வு பெற்ற அம்மா சந்தோஷமாக இருக்கட்டும் என்று செய்தாள். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதையும் மறந்துவிட்டு ஓடிப்போய் எடுத்துப் பார்ப்பேன். போலந்தில் ஒருவர், கொரியாவில் ஒருவர், பெயரை எப்படிப் படிப்பது என்றே தெரியாத ஊரில் ஒருவர். திருநின்றவூரில் ஒரு மாடி வீட்டில் துவரம்பருப்பு வேகவைத்துக்கொண்டிருப்பவளை இத்தனை பேர் நினைத்துக்கொள்கிறார்களே என்று கொஞ்சம் கர்வமாகக்கூட இருக்கும். இப்போது அந்தச் சத்தமே கேட்கக் கூடாது என்று இருக்கிறது. அதை எடுத்துவிடு என்று மகளிடம் சொல்லவும் வாய் வரவில்லை. ஏன் என்று கேட்பாள்.

நான் நரம்பியல் மருத்துவர். அரசு மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் பணி நிறைவு விழாவில் பேசியவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. 'மேடத்தோட ஆராய்ச்சியின் தாக்கம்.' ஒருவர் தேசிய அளவில் என்றார், அடுத்தவர் சர்வதேச அளவில் என்றார். எனக்கு ஒரு நாளும் கேட்ட தேதியில் லீவு கொடுக்காத துறைத் தலைவர், நான் இல்லாமல் துறையே இல்லை என்று கண் கலங்கினார். போர்த்திய சால்வைகளில் ஒன்றில் விலைச்சீட்டு அப்படியே தொங்கியது. நானும் கண் கலங்கினேன், பொய் சொல்வானேன்.

அவர்கள் அத்தனை பேரும் சொன்ன தாக்கம் ஒரே ஒரு கட்டுரையுடையது. மற்றவற்றை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சிலவற்றை நானே திரும்பப் படித்ததில்லை. அந்த ஒரு கட்டுரை கும்மிடிப்பூண்டிப் பக்கத்து உலைகளில் வேலை செய்தவர்களைப் பற்றியது. உருக்கு செய்ய இரும்போடு மாங்கனீஸைச் சேர்த்து உருக்குவார்கள். அந்தப் புகையை வருஷக்கணக்கில் மூச்சோடு இழுத்தால் சிலருக்கு அது மூளையில் போய்த் தங்கிவிடும். பார்க்கின்சன் நோய் போலவே ஒன்று வரும். முகத்தில் அசைவு குறையும். பேச்சு இழுக்கும். குதிகால் தரையில் படாமல் சேவல் மாதிரி நுனிக்காலில் நடப்பார்கள். ஒரு அடி பின்னால் வையுங்கள் என்று சொன்னால் மல்லாக்க விழுவார்கள்.

அப்போது எனக்கு இளவயது. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொட்டகை கொட்டகையாக அலைந்தேன். உள்ளே விட்ட ஆலைகளும் உண்டு, வாசலிலேயே டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிய ஆலைகளும் உண்டு. வேலையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பார்த்தேன். நோய் உள்ளவர்களைக் கண்டுபிடித்தேன். கட்டுரையில் ஒரு வரி எழுதினேன்: 'இவர்களில் எவரிடமும் ஓய்வுநிலை நடுக்கம் காணப்படவில்லை.'

ஓய்வுநிலை நடுக்கம் என்றால், கையைச் சும்மா மடியில் போட்டிருக்கும்போது அது தானாக நடுங்குவது. வயதானவர்களுக்கு வரும் சாதாரணப் பார்க்கின்சனில் பெரும்பாலும் அதுதான் முதலில் தெரியும். ஆகவே நான் எழுதிய வரி, இரண்டு நோய்களையும் பிரித்துக் காட்ட எல்லாருக்கும் வசதியாகப் போய்விட்டது. அந்த வரிக்கு அடுத்து இன்னொரு வரியும் எழுதியிருந்தேன். 'வேலையை விட்டுச் சென்றவர்கள் இந்த ஆய்வில் இல்லை.' முதல் வரி உலகம் சுற்றக் கிளம்பியது. இரண்டாவது வரி வீட்டோடு தங்கிவிட்டது.

போகப்போக அந்த முதல் வரிக்குத் தைரியம் கூடியது. முதலில் எடுத்தாண்டவர் நான் எழுதியபடியே எழுதினார். அவரைப் படித்தவர் 'பொதுவாகக் காணப்படுவதில்லை' என்றார். அவருக்கு அப்புறம் வந்தவருக்கு 'பொதுவாக' அநாவசியமாகத் தோன்றியிருக்க வேண்டும். கடைசியில் ஒரு பாடப்புத்தகத்தில் கட்டம் கட்டி, நடுக்கம் இருந்தால் இந்த நோய் அல்ல என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என் பெயரையும் போட்டார்கள். வெளியூரில் தேர்வாளராகப் போன இடத்தில் ஒரு மாணவி அதை எனக்கே ஒப்பித்தாள், நான் யார் என்று தெரியாமல். முழு மதிப்பெண் போட்டேன். அன்று அது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமைகளில் கும்மிடிப்பூண்டியில் உட்காருகிறேன். மருந்துக் கடைக்காரர் ஒருவர் கடைக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்திருக்கிறார். ரயிலில் போவதென்றால் சென்னைக்குள் போய் வண்டி மாறி மறுபடி வடக்கே வரவேண்டும், தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. பெரியபாளையம் வழியாகக் காரில் போய்விடுவேன். அங்கேதான் அவர்கள் இருவரும் வந்தார்கள்.

மனைவி முன்னால் வந்தாள். கணவர் பின்னால் நுனிக்காலில் வந்தார். அந்த நடையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐம்பதை ஒட்டிய வயது, நல்ல உயரம், முகத்தில் அசைவே இல்லை. இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காகக் கட்டி, விரல்களை அக்குளுக்குள் இறுக்கி வைத்திருந்தார். உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்த பிறகும் கட்டு அவிழவில்லை.

"ரொம்ப மரியாதை தெரிஞ்ச ஆளு மேடம்" என்றார், மருந்துச் சீட்டு கொண்டுவந்த கடைக்காரர். "ரோட்ல பாத்தாலும் இப்படியேதான் கை கட்டிக்கினு நிப்பாரு."

மனைவி கடைக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் போய்விட்டார்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்துக்காரர்கள். அவருடைய அப்பா, அண்ணன்மார் எல்லாரும் ஏரியில் வலை போடுபவர்கள். இவர் மட்டும் மாதச் சம்பளம் வரட்டும் என்று உலைக்குப் போனவர். மனைவி இறால் வாங்கி விற்கிறாள். இதையெல்லாம் அவள்தான் சொன்னாள். அவரிடம் கேட்டால் பதில் வருவதற்குள் அவள் சொல்லி முடித்துவிடுவாள்.

"கையத் தொடை மேல வைங்க" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். மெதுவாகக் கட்டை அவிழ்த்துக் கைகளைத் தொடைமேல் வைத்தார். வலது கை கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு உரச ஆரம்பித்தது. விபூதியை எடுத்துக் கட்டி உடைக்க விரலால் தேய்ப்போமே, அந்த மாதிரி. நிற்கவே இல்லை.

"குடியில்ல டாக்டரம்மா" என்றாள் அவள். நான் ஒன்றும் கேட்கவில்லை. "சத்தியமா குடியில்ல. கை உதறுதுன்னாலே சரக்கு இல்லாம உதறுதுன்றாங்க. இந்த மனுஷன் தொட்டதே இல்ல. கூழு ஊத்துற அன்னிக்கு ஊரே போட்டுக்கினு ஆடும், இவரு ஊட்ல படுத்துக்கினு இருப்பாரு."

அந்தப் பக்கத்தில் காலை நேரத்தில் ஒரு ஆணின் கை நடுங்கினால் அதற்கு ஒரே பெயர்தான், உதறல். உதறல் என்றால் குடி. அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. நான் பிறந்த பொதட்டூர்பேட்டைப் பக்கமும் அப்படித்தான். எனக்குத் தெரியாத விஷயமில்லை.

தெரியாத விஷயத்தை அவர் சொன்னார். குரல் ஒரே சீராக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது.

"ஷிப்டுக்கு முன்னாடி வரிசையா நிக்கச் சொல்லுவாங்க. கையத் தொங்கவுட்டு நிக்கணும். சூப்பர்வைசர் பாத்துக்கினே வருவாரு. உதறுனா உள்ள உடமாட்டாரு. கொழம்பாண்ட உதறுற கையோட போனா ஆபத்து இல்லயா."

குழம்பு என்றது உருகிய உலோகத்தை.

"எப்பலேர்ந்து இந்த வழக்கம்?"

"நான் சேர்றதுக்கு முன்னாடிலேர்ந்தே. உதறலு வந்தா அவ்ளோதான். குடிகாரன்னு கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க. நான் கையக் கட்டிக்கினு கொஞ்ச நாள் ஓட்டினேன். மரியாதைக்கார ஆளுன்னு உட்டுட்டாங்க. அப்புறம் புதுசா ஒருத்தர் வந்து, கைய எடுய்யான்னுட்டாரு."

நான் பேனாவை மூடி வைத்தேன். நடுங்கும் கையுள்ளவர்களை வாசலிலேயே கழித்து அனுப்பிவிட்ட ஒரு கூட்டத்தில் போய் நான் நடுக்கத்தைத் தேடியிருக்கிறேன். காணப்படவில்லை என்று எழுதியிருக்கிறேன். பொய் இல்லை. காணப்படவில்லைதான்.

"பொகைனாலதான டாக்டரம்மா இது?" என்றாள் மனைவி. "மாங்கனின்னு இன்னாமோ சொல்றாங்களே, அதுதான? பேரப் பாரு, திங்கிற பொருளு மாதிரி வச்சிக்கினு."

"பொகையா இருக்கலாம்மா."

"இருக்கலாம்னா?"

இந்த இடத்தில்தான் டாக்டர்களை ஜனங்களுக்குப் பிடிக்காமல் போகிறது. எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நடை புகையைக் காட்டியது. கை சாதாரணப் பார்க்கின்சனைக் காட்டியது. வேலையில் இருக்கும்போது ஸ்கேன் எடுத்திருந்தால் மூளையில் மாங்கனீஸ் வெள்ளையாகத் தெரிந்திருக்கும். வேலையை விட்டு மாதக்கணக்கானால் அது மறைந்துவிடும். அவர் வேலையை விட்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஸ்கேன் சுத்தமாக வந்தது. புகையும் நடுக்கத்தைக் கொண்டுவரலாம் என்றுதான் என் மனசு சொன்னது. மனசு சொன்னதைச் சான்றிதழில் எழுத முடியாதே.

அவர்களுக்கு வேண்டியிருந்தது தொழிலாளர் காப்பீட்டு மெடிக்கல் போர்டின் முடிவு. வேலையால் வந்த நோய் என்று போர்டு எழுதிவிட்டால் ஆயுசுக்கும் மாதாமாதம் உதவியும் மருந்தும் கிடைக்கும். அதைவிட முக்கியமாக, குடிகாரன் என்று அனுப்பிய பேர் போகும். அதை அவள் சொல்லவில்லை. அவர் சொன்னார். "ஏரியாண்ட போய் நின்னா எங்க அண்ணனே வாய மோந்து பாக்குறான் டாக்டரம்மா" என்றார். முகம் மாறவில்லை. இந்த நோயில் மாறாது.

'வேலையினால் வந்திருக்க வாய்ப்பு உண்டு. இல்லை என்று கூற இயலாது' என்று சான்று எழுதிக் கொடுத்தேன். போர்டில் எதையும் மறைக்காதீர்கள், கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள், ஒளித்தால்தான் சந்தேகம் வரும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். ஒரு டாக்டர் வேறு என்ன சொல்லுவாள்? இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன்.

போர்டு கூடிய நாளில் நானும் சென்னைக்குப் போனேன். நான் போகத் தேவையில்லை. ஆனால் நான் நேரில் போய் உட்கார்ந்தால் விஷயம் சுலபமாக முடிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. எழுதியவளே வந்திருக்கிறாளே.

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று டாக்டர்கள். அதில் இளையவன், நரம்பியல்காரன், என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"மேடம், நீங்களா? உங்க பேப்பர் படிச்சுதான் மேடம் நான் நியூராலஜியே எடுத்தேன்."

என்னோடு நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டான். தலைவராக இருந்த மூத்த டாக்டர் எனக்கு டீ சொன்னார். கணவரோடு வந்திருந்த அந்தப் பெண் சுவரோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெளிந்திருந்தது. நம்ம டாக்டரம்மாவுக்கு இங்கே இவ்வளவு செல்வாக்கா என்று அவள் நினைத்தது எனக்குத் தெரிந்தது. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பையன் அவள் கணவரை நன்றாகத்தான் சோதித்தான். குறை சொல்ல முடியாது. நடக்க வைத்தான், திரும்ப வைத்தான், பின்னால் அடி வைக்கச் சொல்லித் தானே பின்னால் நின்று தாங்கிக்கொண்டான். அப்புறம் நாற்காலியில் உட்கார வைத்தான். அவர் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் கையைக் கட்டிக்கொண்டார்.

"கைய ஃப்ரீயா மடியில வைங்கய்யா" என்றான் பையன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் வை என்று தலையசைத்தேன். அந்தத் தலையசைப்புக்கும் அவர் கை மடிக்கு வந்ததற்கும் நடுவில்தான், பையன் என்ன தேடுகிறான் என்று எனக்கு உறைத்தது. அதற்குள் விரல்கள் உரச ஆரம்பித்துவிட்டன.

பையன் முகம் வாடிவிட்டது. அவனும் அவருக்காக ஆசைப்பட்டிருக்கிறான், பாவம்.

"ரெஸ்ட் ட்ரெமர் இருக்கே மேடம்" என்றான் என்னிடம், தாழ்ந்த குரலில். "மாங்கனீஸ்ல இது வராதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க."

"வராதுன்னு சொல்லலப்பா. நான் பாத்தவங்ககிட்ட இல்லன்னு சொன்னேன்." ஆலை வாசலில் நடக்கும் சோதனையைச் சொன்னேன். வரிசையில் கையைத் தொங்கவிட்டு நிற்பதைச் சொன்னேன். உதறல் உள்ளவன் குடிகாரன் என்று முன்பே வெளியே போய்விடுவதைச் சொன்னேன். மூவரும் கவனமாகக் கேட்டார்கள்.

"இது பப்ளிஷ் ஆயிருக்கா மேடம்?"

"இப்பதான்பா எனக்கே தெரியும்."

"பப்ளிஷ் ஆனதைத்தான் நாங்க ஆதாரமா எடுத்துக்க முடியும்."

"அத எழுதினவ நான். அந்த வரிக்கு அர்த்தம் அது இல்லன்னு நானே வந்து சொல்றேன்."

"புரியுது மேடம். ஆனா பேப்பர்ல அப்படித்தான இருக்கு."

தலைவர் சிரித்தார். "உங்களுக்கு எதிரா நீங்களே சாட்சி சொல்லறீங்களே டாக்டர்" என்றார். நல்ல மனிதர். டீ ஆறுகிறது, குடியுங்கள் என்று நினைவூட்டினார். எனக்குக் கோபத்தில் காது சுட்டது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவர்கள் படித்தபடி செய்தார்கள். நான் பார்த்தபடி எழுதினேன். அந்த மனிதர் நான் சொன்னபடி கையை மடியில் வைத்தார். எல்லாரும் ஒழுங்காக நடந்துகொண்டோம்.

முடிவு சில வாரங்களில் வந்தது. இது தொழிலால் வந்த நோய் அல்ல, இயல்பாக வந்த பார்க்கின்சன். காரணம் என்ற இடத்தில் என் கட்டுரையைப் போட்டிருந்தார்கள். மேல்முறையீடு செய்தோம். அதற்கும் ஒரு கருத்துரை எழுதிக் கொடுத்தேன், முன்னதைவிட நீளமாக. அங்கேயும் என் கட்டுரையைத்தான் நம்பினார்கள், என்னை நம்பவில்லை.

அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டிய சனிக்கிழமை, மருந்துக் கடை வாசலிலேயே அவர்களைப் பார்த்துவிட்டேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்ல எனக்குத் திராணி இல்லை. நின்றபடியே சொன்னேன்.

"கை உதறினா பொகை இல்லன்னு யாரு எழுதி வச்சது?" என்று கேட்டாள் அவள்.

"நான்தாம்மா."

"நீங்களா?"

"ஆமா. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி. அப்படி எழுதல, ஆனா அப்படி ஆயிடுச்சு."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"அப்ப அழிச்சிடுங்களேன்" என்றாள். "நீங்க எழுதினதுதான? நீங்களே அழிச்சா யாரு உங்கள கேக்கப்போறாங்க?"

அது பல ஊர்களில் அச்சாகிவிட்டது என்றேன். அவளுக்கு அது ஒரு காரணமாகவே படவில்லை. பல ஊர்களுக்கும் ஒரு போன் போட்டால் ஆயிற்று என்பதுபோல் நின்றாள்.

"உடு" என்றார் அவர், கடைச் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு. "அவங்க இன்னா பண்ணுவாங்க."

எனக்குத் தாங்கவில்லை. காரில் போய் உட்கார்ந்து அழுதேன். டிரைவர் ஏசியைக் கூட்டி வைத்தார்.

அழிக்க முயற்சி செய்யாமல் இல்லை. கட்டுரை வந்த பத்திரிகைக்கு எழுதினேன். மிகவும் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். பிழை இருந்தால் திருத்தம் போடலாம், ஆனால் தாங்கள் கண்டதைத்தான் எழுதியிருக்கிறீர்கள், பிழை ஏதும் இல்லையே என்று. வேலையை விட்டுச் சென்றவர்களைப் பற்றி ஒரு புது ஆய்வு செய்து அனுப்பினால் மகிழ்ச்சியோடு பரிசீலிப்பார்களாம். தப்பாக எழுதியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். சரியாக எழுதித் தொலைத்துவிட்டேன்.

சரி, புது ஆய்வுதானே என்று கிளம்பினேன். வேலையை விட்டுப் போனவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். சிலர் செத்துப் போயிருந்தார்கள். சிலர் எங்கே என்று குடும்பத்துக்கே தெரியவில்லை. மிச்சம் இருந்தவர்களை அவள்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லி, குப்பத்துச் சமுதாயக் கூடத்துக்கு வரவழைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மின்விசிறி ஒன்று ஓடியது, ஒன்று ஓடவில்லை. வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் ஜன்னல் பக்கம் நின்று பார்த்தார்கள்.

ஆண்கள் வந்தார்கள். எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்தார்கள். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஊருக்கு ஒரு பெரிய டாக்டரம்மா வந்திருக்கிறாள். மரியாதைக்குக் கட்டியிருக்கலாம். மறைக்கக் கட்டியிருக்கலாம். நான் எதிரே நின்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். இத்தனை வருஷம் நரம்பியல் படித்து என்ன, எனக்குத் தெரியவில்லை.

"எல்லாரும் கைய மடியில வைங்கப்பா" என்றேன்.

கொஞ்சம் பேர் வைத்தார்கள். அந்தக் கைகள் நடுங்கவில்லை. கொஞ்சம் பேர் அசையாமல் இருந்தார்கள். ஒருவர் எழுந்து, தோ டீ சாப்ட்டு வரேன் டாக்டரம்மா என்றார். அவரோடு இன்னொருவர் எழுந்தார். நுனிக்காலில் போனார். அவர்களை நிறுத்த அவள் வாசலுக்கு ஓடினாள். "குடிகாரன்னு எழுதிக்க மாட்டாங்க, நோயின்னுதான் எழுதிக்குவாங்க, நான் சொல்றேன் இல்ல" என்று கத்தினாள். ஜன்னல் பக்கம் நின்ற பெண்களில் ஒருத்தி, "உன் ஆளுக்கு இன்னாத்த எழுதினாங்க?" என்று கேட்டாள். அதோடு முடிந்தது. கைகளை மடியில் வைத்தவர்களை மட்டும் சோதித்து ஒரு ஆய்வு எழுதினால், மறுபடியும் அதே வரியைத்தான் நான் எழுத வேண்டியிருக்கும்.

வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குக் காணொளியில் பேசக் கூப்பிட்டார்கள். அந்த ஆலை வாசலைப் பற்றியும் அந்தக் கூடத்தைப் பற்றியும் பேசினேன். முடிந்ததும் நெறியாளர் என் அடக்கத்தை மிகவும் பாராட்டினார். ஒரு முன்னோடி தன் கண்டுபிடிப்பையே கேள்வி கேட்பது எவ்வளவு உயர்ந்த பண்பு என்றார். அந்த மாதம் 'டிங்' வழக்கத்தைவிட அதிகமாக ஒலித்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பழைய வரிதான், பழைய பெயர்தான்.

இப்போதும் அவர்கள் சனிக்கிழமை வருகிறார்கள். மாத்திரையால் பெரிதாகப் பலன் இல்லை. சாதாரணப் பார்க்கின்சன் என்றால் மாத்திரைக்கு ஓரளவு அடங்கும், ஆகவே அதுகூடப் புகைதான் காரணம் என்பதற்கு ஒரு அடையாளம். எழுதி வைத்திருக்கிறேன். கேட்க ஆளில்லை. போன வாரம் வந்தபோது இன்னும் விறைத்திருந்தார். நாற்காலியில் உட்கார வைக்க அவளும் நானும் பிடிக்க வேண்டியிருந்தது.

"தூங்குறப்பகூட கையக் கட்டிக்கினுதான் தூங்குறாரு" என்றாள் அவள்.

"தூக்கத்துல நடுக்கம் தானா நின்னுடும்மா. கட்டத் தேவையே இல்ல."

"அது எனக்குத் தெரியும். நான் பாத்திருக்கேன். தூங்குறவருக்கு எப்படித் தெரியும்?"

மருந்து எழுதிக்கொண்டிருந்தேன். மேஜைமேல் கைபேசி 'டிங்' என்றது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்துப் பார்த்தேன். பெரிய பத்திரிகை. நோயைக் கண்டறிய உலகம் முழுவதற்குமான புதிய வழிகாட்டி. முதல் பக்கத்திலேயே என் வரி.

"யாரு டாக்டரம்மா, போனா?"

"இல்லம்மா. யாரோ என் கட்டுரையப் பத்தி எழுதியிருக்காங்க."

"நல்லபடியா எழுதியிருக்காங்களா?"

அவளுக்கு அது எந்தக் கட்டுரை என்று தோன்றவில்லை. நான் எத்தனையோ எழுதியிருப்பேன், இது வேறு ஏதோ ஒன்று என்று அவளுக்கு நினைப்பு. நான் திரையை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன்.

"நல்லபடியாத்தான் எழுதியிருக்காங்க" என்றேன்.

அவர் நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்குளிலிருந்து ஒவ்வொரு கையாக மெதுவாக எடுத்தார். அதற்கே வெகுநேரம் பிடித்தது. இரண்டையும் கூப்பி, அசையாத அந்த முகத்தோடு, எனக்காகச் சந்தோஷப்பட்டு ஒரு கும்பிடு போட்டார். கூப்பியிருந்த வரையில் கை நடுங்கவில்லை. பிறகு மறுபடி கட்டிக்கொண்டார்.